அப்பாவுக்கு வந்த செங்கமாரி

அப்பாவுக்குச் செங்கமாரி என்று எங்கள் ஒழுங்கை முழுக்கச் சொல்லிவைத்தது அம்மாதான். செங்கமாரி என்றால் மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, மனிதன் துவண்டுபோய்க் கிடக்கிற வருத்தம். அப்பா துவண்டுபோய்த்தான் கிடந்தார், அதில் பொய்யில்லை. ஆனால் அவருடைய கண் நல்ல வெள்ளையாக இருந்தது. அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே நானும் அம்மாவும் அந்த ஆண்டின் பாதியைக் கழித்தோம்.

அப்போது நாங்கள் லிங்கநகரில் ஒரு ஒழுங்கையில், குறுகலான தெருவொன்றில், இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பெரிய கப்பல்களை இழுத்துக்கொண்டு வருகிற படகுகளின் எஞ்சின்களைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் தேய்த்தாலும் அவர் கையில் இருக்கிற டீசல் மணம் போகாது. அம்மா மூக்கைச் சுளிப்பா. எனக்கு அந்த மணம் பிடிக்கும். அது வீட்டுக்குள் வந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். வழியில் ஆமி மறித்து வைத்திருக்கவில்லை என்று அர்த்தம். சண்டைக் காலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அதைவிட நல்ல மணம் வேறென்ன இருக்கப்போகிறது?

ஒருநாள் காலை அப்பா கட்டில் விளிம்பில் இருந்தார். ஒரு கை சட்டைக்குள்; மற்றக் கை வெளியே. மற்றக் கையையும் இப்போது விடுவார், இப்போது விடுவார் என்று நான் அறை வாசலில் நின்று பார்த்தேன். விடவில்லை. வேலைக்கு ஏற்றிப்போகிற வாகனம் வந்து ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அம்மா தேத்தண்ணியோடு வந்தவ அப்படியே நின்றுவிட்டா.

“என்னப்பா, காய்ச்சலோ?”

“இல்லை.”

“அப்ப என்ன?”

“ஒண்டுமில்லை. ஏலாமக் கிடக்கு.”

அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு அவர் கதைத்ததே குறைவு. பின்விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. அதில் போய்ச் சாய்ந்தால் சாய்ந்ததுதான். தாடி வளர்ந்தது. குளிப்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்தால் அது ஆறி, ஈ மொய்க்கும்வரை அங்கேயே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கையிலிருந்த டீசல் மணம் போய்விட்டது. ஒருநாள் பக்கத்தில் போய் மணந்து பார்த்தேன். ஒன்றுமே மணக்கவில்லை. இது வேறு யாரோ, எங்கள் அப்பாவைப்போல வந்து இருக்கிறார் என்று நினைத்து, ஓடிப்போய் அம்மாவின் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குக் காரணம் வேண்டும். கந்தோரில் ஆரும் ஏசினார்களா? ஆமிக்காரன் அடித்தானா? ஆரையும் சுட்டதைக் கண்டாரா? ஒன்றுமில்லை. அதுதான் பெரிய பிரச்சினை. எங்கள் ஒழுங்கையில் துக்கப்படுகிறதற்கு எல்லோரிடமும் காரணம் இருந்தது. எதிர்வீட்டு மாமியின் மகனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல மாதம். எந்த முகாம் என்றுகூடத் தெரியாது. மூலைவீட்டுக்காரர் எரிந்த கடையின் சாவியை இன்னும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற மாதிரி அழுவதற்கும் ஒரு வரிசை இருந்தால், அப்பாவைக் கடைசியில்கூட நிற்க விட்டிருக்கமாட்டார்கள்.

“எதிர்வீட்டு அக்கா பெத்த பிள்ளையைப் பறிகுடுத்துப்போட்டு விடியவெள்ளன எழும்பி இடியப்பம் அவிச்சு விக்கிறா. உங்களுக்கு என்ன வந்தது?” என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டா.

“எனக்கும் அதுதான் விளங்கேல்லை” என்றார் அப்பா. அவர் கண்ணால் தண்ணீர் வந்தது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. தண்ணீர் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. நான் அதற்கு முன் ஆம்பிளை ஒருவர் அழுததைக் கண்டதில்லை. அன்றிரவு காய்ச்சல் வந்தது எனக்குத்தான்.

வேலைத்தலத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தபோதுதான் அம்மாவின் வாயில் அந்தப் பொய் வந்தது. “அவருக்குச் செங்கமாரி, அண்ணை. எழும்பக்கூடாதாம்.” அவர் வாசலுக்கு வெளியேயே நின்று பாவம் பார்த்துவிட்டுப் போனார். அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. “வேற என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்? விசர், பைத்தியம் எண்டு சொல்லட்டோ? நாளைக்கு உனக்கு ஒரு கலியாணம் காட்சி நடக்க வேண்டாமோ?” என்று சீறினா. என் கலியாணத்தைப் பற்றி அப்போது எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

பொய் சொல்வது சுகம். அதைப் பராமரிப்பதுதான் பாடு. செங்கமாரிக்காரனுக்கு உப்புக் கூடாது, எண்ணெய் கூடாது, வீட்டில் மீன் பொரிக்கிற மணமும் கூடாது. ஆகவே எங்கள் வீட்டில் பொரியல் நின்றது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நல்ல சூரை மலிவாக விற்கிற காலத்தில், நாங்கள் உப்பில்லாத கஞ்சி குடித்தோம். ஒழுங்கைச் சனம் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு கட்டுக் கீழ்காய்நெல்லி பிடுங்கிக்கொண்டு வந்தது. அம்மா அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பா. அப்பா என்ன ஏது என்று கேட்காமல் குடிப்பார். பாவம், இல்லாத வருத்தத்துக்கு அந்த மனிதன் குடித்த பச்சிலைச் சாற்றில் ஒரு வாய்க்காலே ஓடியிருக்கும்.

தம்பலகாமத்திலிருந்து பெரியம்மா வந்தபோது மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவ. வயல், மாடு, மனிதர் எல்லாவற்றுக்கும் வைத்தியம் தெரியும் என்ற எண்ணம் அவவுக்கு. வந்ததும் வராததுமாய் அப்பாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தா.

“என்னடி தங்கச்சி, கண் வெள்ளையா எல்லோ கிடக்கு?”

“கண்ணிலயிருந்து இறங்கிட்டுது அக்கா. இப்ப கையில காலிலதான் நிக்குது.”

“எங்க, காட்டு பாப்பம்.”

“நித்திரை கொள்ளட்டும். பிறகு பாருங்கோ” என்று அம்மா பெரியம்மாவைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், போகிற வழியில் எனக்குக் கண்ணைக் காட்டினா. நான் அம்மியில் அரைத்து வைத்திருந்த மஞ்சளை ஒரு விரலில் தொட்டுக்கொண்டு ஓடினேன். அப்படித்தான் மஞ்சள் பூசுகிற வேலை என்னுடையதானது. ஆராவது வரப்போகிறார்கள் என்று தெரிந்தால் அம்மா “பிள்ளை, அப்பாவின்ட கை” என்பா. நான் உள்ளங்கையிலும் நகங்களிலும் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, துணியால் துடைத்துவிடுவேன். அப்பா இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு, அவற்றை வேறு ஆருடையவோ கைகள்போலப் பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்சின் பிடித்துக் காய்த்துப்போன கை. நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

மற்ற நேரமெல்லாம் பயம்தான். நான் செய்த ஏதோ குழப்படியால் அப்பா இப்படி ஆனார் என்று பயம். இது எனக்கும் தொற்றும் என்று பயம். பள்ளிக்கூடத்தால் வந்து படலையைத் திறக்கப் பயம். அம்மா வேறு ஒரு காவல் வேலை தந்திருந்தா: “அப்பா தனிய கிணத்தடிக்குப் போனா உடன என்னைக் கூப்பிடு.” வழுக்கி விழுந்துவிடுவார் என்றுதான் சொல்கிறா என்று நினைத்து, கிணற்றடியில் பாசியைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதா. தேய்த்துக் கழுவினதற்கு ஏன் அழுகிறா என்று விளங்காமல், அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

எங்கள் பொய் உடைந்த நாளும் விடியற்காலை அமைதியாகத்தான் இருந்தது. பெரியம்மா தம்பலகாமத்திலிருந்து ஒரு பரியாரியைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தா. பரியாரி என்றால் சும்மாவா, கையைப் பிடித்து நாடி பார்ப்பார். அதனால் அம்மா என்னை நன்றாகவே பூசச் சொன்னா. கலியாண வீட்டில் பூசுகிற மாதிரிப் பூசினேன். துடைக்கத் துணியை எடுக்கும்போது ஒழுங்கை முனையில் ஒலிபெருக்கி கத்தத் தொடங்கியது.

சுற்றிவளைப்பு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் அடையாள அட்டையோடு தங்கள் தங்கள் படலையடியில் வந்து நிற்கவேண்டும். வீட்டுக்குள் ஒரு குஞ்சும் இருக்கக்கூடாது. உள்ளே இருந்து பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதை ஒலிபெருக்கி சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, எங்களுக்குத் தெரியும்.

“எழும்புங்கோ. உங்களைக் கும்பிடுறன், எழும்புங்கோ” என்று அம்மா அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினா.

“நீங்கள் போங்கோ. நான் இதில இருக்கிறன்.”

“சுட்டுப்போடுவாங்கள்!” என்று அம்மா கத்தினா.

அம்மா இழுத்தா, நான் இழுத்தேன். கதிரைதான் கிறீச்சிட்டது. வெளியே சப்பாத்துச் சத்தம் நெருங்கியது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு படலைக்கு ஓடினா. “சேர், அவர் வருத்தக்காரர், சேர்” என்று, ஒருவரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு நின்றா. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சனம் படலை படலையாக நின்றது. எங்களுக்குப் பக்கத்துப் படலையில் தபாற்கந்தோர் ஐயா நின்றார். தபாற்கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். ஒழுங்கையில் சிங்களம் ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள்.

ஆமிக்காரர் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குள் போனார்கள். ஒரு கத்தல் கேட்டது. பிறகு அப்பாவை இரண்டு கக்கத்திலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஒழுங்கை மணலில் முழங்காலில் இருத்தினார்கள். கைகளைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். அப்பா வைத்தார். அப்போது உள்ளங்கைகள் தெரிந்தன. காலை வெயிலில் அந்த மஞ்சள் பளிச்சென்று அடித்தது.

“மே மொக்கத?” என்றான் ஒருவன். இது என்ன என்று கேட்கிறான் என்பது எனக்கே தெரிந்தது. அப்பாவைப் பிடித்திருந்தவர்கள் சட்டென்று பின்னால் விலகினார்கள். துவக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

தபாற்கந்தோர் ஐயாவை முன்னால் இழுத்துவிட்டார்கள். அவர் அம்மாவைப் பார்த்தார். “பிள்ளை, கையில என்ன மருந்து எண்டு கேக்கிறாங்கள். குண்டு செய்யிற மருந்தோ எண்டு கேக்கிறாங்கள்.”

“செங்கமாரி எண்டு சொல்லுங்கோ ஐயா, செங்கமாரி!”

ஐயா சொன்னார். அவர்களில் பெரியவன் வந்து, பெரியம்மா செய்தது போலவே, அப்பாவின் இமையை இழுத்துப் பார்த்தான். வெள்ளை. பிறகு அப்பாவின் உள்ளங்கையைத் தன் விரலால் அழுத்தித் தேய்த்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான். விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. வருத்தத்தில் வருகிற மஞ்சள் அடுத்தவன் விரலில் ஒட்டுமா? அவனுடைய முகம் மாறியது. பக்கத்தில் நின்றவன் துவக்கு வாயை அப்பாவின் நெற்றியில் வைத்தான்.

அப்பா கண்ணை வெட்டவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் ரோட்டைப் பார்க்கிற மாதிரி, துவக்குக்கு மேலால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கையே நடுங்கியது, அம்மா நடுங்கினா, துவக்கு வைத்திருந்த பெடியனுடைய கைகூட நடுங்கியது. நடுங்காதவர் அப்பா ஒருவர்தான்.

அந்த மஞ்சளைப் பூசியவள் நான். நான் பூசின மஞ்சளால் அப்பாவைச் சுடப்போகிறார்கள். வேறொன்றும் எனக்குத் தலைக்குள் ஏறவில்லை. “நான்தான் பூசினனான்! அது கறிக்குப் போடுற மஞ்சள்! நான்தான் பூசினனான்!” என்று வீறிட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி ஓடினேன். என் கையும் மஞ்சள்தானே. ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கித் திருப்பினான். நான் அப்பாவின் அருகில் மணலில் விழுந்தேன்.

அப்போது அப்பாவின் வலது கை தலையிலிருந்து இறங்கியது. மெதுவாகத்தான் வந்தது. வந்து, என் உள்ளங்கையை மூடிக்கொண்டது. “கையைத் தூக்கு!” என்று கத்தினார்கள். அவர் தூக்கவில்லை. துவக்குப் பிடியால் ஒருவன் தோளில் இடித்தான். அப்பா சரிந்தார், கை விடவில்லை.

அம்மாவுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. “ஐயா, சொல்லுங்கோ அவையளுக்கு! செங்கமாரி இல்லை. நான் சொன்ன பொய். மானத்துக்குப் பயந்து சொன்ன பொய். இந்த மனிசன் எழும்புறாரில்லை, குளிக்கிறாரில்லை, சாப்பிடுறாரில்லை. மனம் ஏலாமக் கிடக்கு. சனம் விசர் எண்டு சொல்லிப்போடும் எண்டு நான்தான் பிள்ளையைக் கொண்டு மஞ்சள் பூசுவிச்சனான்!”

ஐயா அதை ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னார். ஒழுங்கை முழுக்க மூச்சுவிடாமல் கேட்டது. அம்மா மாதக்கணக்காக மூடிவைத்த விசயம், இரண்டு பாசையில், பட்டப்பகலில் வெளியே வந்தது.

பெரியவன் தன் விரலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தான். திரும்பவும் மணந்தான். அவனுடைய வீட்டுக் குசினியிலும் அதே மஞ்சள்தானே. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலை அப்பாவின் சாரத்தில் துடைத்தான்; தன் நெற்றிப்பொட்டைத் தட்டி மற்றவர்களுக்கு ஏதோ சொன்னான்; அவர்களும் சிரித்தார்கள். அடுத்த படலைக்குப் போய்விட்டார்கள். அப்படி லேசாக!

பெரியம்மாவும் பரியாரியும் வந்த பஸ்ஸை வழியிலேயே திருப்பிவிட்டார்கள். அம்மா குசினியில் குந்தி அழுதுகொண்டிருந்தா. துவக்கை நினைத்தல்ல, ஒழுங்கையை நினைத்து. பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு எதிர்வீட்டு மாமி வந்தா. ஏசப்போகிறா என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். மாமி முந்தானைக்குள்ளிருந்து ஒரு கோப்பையை எடுத்து வைத்தா. பொரித்த சூரை மீன்.

“இனிப் பொரிச்சுச் சாப்பிடலாம்தானே” என்றா. பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, குரலைத் தாழ்த்தினா. “நான் மட்டும் எப்பிடி விடிய எழும்புறன் எண்டு நினைக்கிறாய், பிள்ளை? பெடியன் போனாப் பிறகு நானும் பாயில கிடந்தனான். பெரியாஸ்பத்திரியில ஒரு டொக்டர் குளிசை தாறார். அந்தக் குளிசையாலதான் இடியப்பம் அவியுது. ஆருக்கும் சொன்னனானே? நீயும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை. கூட்டிக்கொண்டு வா, நான் காட்டுறன்.”

அம்மா அவவைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அழுதுகொண்டே ஒரு துண்டு மீனை வாயில் வைத்தா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உப்பு!

டொக்டர் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொன்னாராம். காரணம் தேடாதீர்கள், காரணம் இல்லாமலும் வரும், காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வருத்தம்தான் என்றாராம். குளிசை போட்ட அடுத்த நாளே அப்பா துள்ளி எழும்பினார் என்று சொன்னால் நானும் அம்மாவைப்போல் பொய் சொல்கிறவளாவேன். முதலில் குளித்தார். பிறகு ஒருநாள் தாடியை வழித்தார். கன நாளைக்குப் பிறகு, ஒரு காலையில், சட்டையின் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு நின்றார். டீசல் மணம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஆனால் அந்த வருத்தம் அவரை முற்றாக விட்டுப்போகவுமில்லை. ஆண்டில் ஒருக்கால் இருக்கால் எட்டிப் பார்க்கும். வானம் மூடிக்கிடக்கிற மாதிரி என்று எங்கள் வீட்டில் அதற்கு “மப்பு” என்று சொல்வோம். “இண்டைக்கு அப்பாவுக்கு மப்பு” என்று அம்மா சொன்னால், நான் ஏன் என்று கேட்கமாட்டேன். அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து என் பாட்டில் கணக்குச் செய்வேன். அவர் குளிசையைப் போடுவார், ஒரு வாளித் தண்ணீராவது அள்ளுவார். மப்பு விலகும்வரை காத்திருப்போம். துறைமுகப் பக்கம் செல் குண்டு விழுகிற நாட்களையும் அப்படித்தானே கடத்தினோம்.

சுற்றிவளைப்பு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் நான் வகுப்பில் ராணி. “எங்கட அப்பாவின்ட நெத்தியில ஆமி துவக்கு வைச்சவன். அப்பா கண்ணை வெட்டேல்லை! அவருக்குத் துவக்குக்கே பயமில்லை” என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். கன மாதம் கழித்தும் ஒருநாள் படலையில் நின்று நான் அதை அளந்துகொண்டிருந்தபோது அப்பா வேலையால் வந்து கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

அப்பா இப்போது இல்லை. கிழவனாகி, நித்திரையில் போனார். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, வீடு வாசல் எல்லாம் நல்லபடி இருந்த ஒரு காலையில், பல்லுத் தீட்டுகிற பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நான் கட்டில் விளிம்பில் இருந்தேன். கை வாய்வரைக்கும் போகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, ஏலாமல் கிடந்தது. பயந்ததுபோலவே எனக்கும் வந்துவிட்டது. மூடிவைக்காமல் அன்றைக்கே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “மப்போ, பிள்ளை?” என்று மட்டும் கேட்டா. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினா.

அந்தக் கட்டிலில் கிடந்த நாட்களில்தான் படலையடியில் அப்பா ஏன் ஒன்றும் சொல்லாமல் போனார் என்று விளங்கியது. துவக்குக்கு முன்னால் அவர் கண்ணை வெட்டாததில் தைரியம் ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு அது வெடித்தாலும் ஒன்றுதான், வெடிக்காவிட்டாலும் ஒன்றுதான். கிணற்றடியில் அம்மா என்னைக் காவல் வைத்ததும் அதற்காகத்தான். ஆனால் சட்டைக்குள் விட முடியாத அந்தக் கையை, சோற்றுக் கோப்பைவரைக்கும் கொண்டுபோக முடியாத அந்தக் கையை, அவர் தலையிலிருந்து இறக்கி என் கைமேல் கொண்டுவந்து வைத்தாரே, அதற்கு அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்பது ஒரு பிரஷ்ஷைத் தூக்க முடியாமல் இருந்து பார்த்தால்தான் தெரியும். வகுப்பில் நான் அத்தனை தரம் சொன்ன கதையில் அந்தக் கை வரவேயில்லை.